மலைமாளிகையின் ஆவியும் தீராத கணக்கும்

பழைய மாளிகை எதுவாயினும் அதற்கு ஓர் ஆவி உண்டு. மாளிகை எத்துணைப் பெரிதோ அத்துணைப் பெருங்குடியிலே பிறந்ததாக அதன் ஆவியும் இருக்கும். கிராமத்துப் புளியமரத்திலே குடிகொண்டிருக்கும் பேய் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றிலே மாண்ட ஏழைப் பெண்ணாகவோ, அடிபட்டு மடிந்த கூலியாளாகவோ இருக்கும். மாளிகையின் மாடத்திலே உலாவும் ஆவியோ பட்டாடை உடுத்த சீமாட்டியாக இருக்கும். உயிரோடிருப்போரிடையே நிலவும் வர்க்க வேறுபாடு மாண்டோரிடையேயும் மாறாது நிலவுதல் வியப்பன்று. ஏனெனில், பேய்களைப் படைப்பவர் மாண்டவர் அல்லர், வாழ்பவரே.

பேய்க் கதைகளை மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதைகளைக் கூர்ந்து நோக்குவோர், அவற்றினுள்ளே ஒரு நியதி இருப்பதைக் காண்பர். காரணமின்றி எவரும் பேயாவதில்லை. தீராத ஆசை, தீராத பகை, தீராத கணக்கு என ஏதோ ஒன்று எஞ்சிநின்றாலன்றி மாண்டவர் மீள்வதில்லை. பழையனூர் நீலியின் கதையை நாம் அறிவோம். கணவனாற் கொலையுண்ட பெண், கள்ளிக் கொப்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு ஊர்ச்சபையின் முன்னே வந்து நிற்கிறாள். அவள் இருளிலே நின்று எவரையும் அச்சுறுத்தவில்லை, வழக்குரைக்க வந்தாள். பேய்க் கதை என்பது நீதி கிடைக்காத வழக்குகளின் பதிவேடு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இந்த நியதியைக் கைவிளக்காகக் கொண்டு, அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மலைப்பகுதியிலே நிற்கும் ஒரு பெரிய ஹோட்டலின் வரலாற்றினுள்ளே நுழைவோம். அதன் பெயர் மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டல். அந்தப் பெயரை நம்மிற் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால், அது நிற்கும் இடத்தின் பெயர் பிரெட்டன் வூட்ஸ். அந்தப் பெயரை, அரிசி விலை ஏறும்போதும் மானியம் குறையும்போதும், அறிந்தோ அறியாமலோ, நம் நாட்டின் ஒவ்வொரு குடும்பமும் அனுபவித்திருக்கிறது.

நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலே வெள்ளை மலைகள் எனப்படும் மலைத்தொடர் உண்டு. அதன் உச்சி 6,288 அடி உயரமானது. நமது பீதுருதாலகாலையினும் அது தாழ்ந்ததே. ஆயினும் காற்றின் கடுமையிலே அதற்கு ஈடான மலைகள் மிகச் சிலவே. 1934ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசிய காற்று அவ்வுச்சியிலே அளக்கப்பட்டது. அந்நிலத்தின் ஆதிக்குடிகளான அபெனாக்கி மக்கள் அம்மலையை அகியோகோச்சூக் என அழைத்தனர். பேராவியின் உறைவிடம் என்பது அதன் பொருள் என்பர். ஆவிகளைப் பற்றிய கதை அம்மலையிலே ஹோட்டலோடு தொடங்கவில்லை என்பதை இதனால் உணரலாம். ஆனால், ஆதிக்குடிகளின் ஆவி எவருக்கும் சொந்தமான ஆவியன்று. அது மலைக்கு உரியது. அம்மலை எவருக்கும் உரியதன்று.

பின்னர் வெள்ளையர் வந்தனர். மலைக்கு அமெரிக்கக் குடியரசின் முதற் தலைவரின் பெயர் இடப்பட்டது. அதன் அடிவாரத்து நிலத்தை 1772இல் ஆங்கில அரசரின் ஆளுநராயிருந்த ஜோன் வென்ற்வேர்த் தம் உறவினர் உள்ளிட்ட சிலருக்கு மானியமாக வழங்கினார். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் அக்குலத்தாருக்கு இருந்த பிரெட்டன் மாளிகையின் பெயரால் அந்நிலம் பிரெட்டன் வூட்ஸ் ஆயிற்று. நிலத்தை இழந்தவரின் பெயர் மறைந்து, நிலத்தைப் பெற்றவரின் மாளிகைப் பெயர் நிலைத்தது. பெயர்களும் ஒருவகையிலே ஆவிகளே. வென்றவரின் பெயர் மட்டும் வீட்டினுள்ளே உலாவ அனுமதிக்கப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையிரதம் அம்மலைகளை எட்டியது. 1869இல் பற்சக்கரப் புகையிரதம் ஒன்று மலையுச்சிக்கே ஏறிற்று. நகரத்தின் புழுக்கத்தையும், தாம் நடத்திய ஆலைகளின் புகையையும் தாங்கமாட்டாத செல்வர்கள், கோடைகாலம் முழுவதையும் குளிர்ந்த மலைகளிலே கழிக்கத் தொடங்கினர். அவர்களுக்கென மலைதோறும் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. அவற்றின் வரிசையிலே இறுதியாகவும் பெரிதாகவும் எழுந்தவற்றுள் ஒன்றே நாம் கூறும் ஹோட்டல்.

அதனைக் கட்டியவர் ஜோசப் ஸ்ரிக்னி. பென்சில்வேனியாவின் நிலக்கரி வணிகத்திலும் புகையிரத முதலீட்டிலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர். சார்ள்ஸ் அலிங் கிபேர்ட் என்னும் கட்டடக் கலைஞர் வரைபடம் வரைந்தார். 1900இல் தொடங்கிய வேலை 1902இல் நிறைவேறிற்று. செலவு ஏறத்தாழ 17 இலட்சம் டொலர். உருக்குச் சட்டகம், வெண்ணிறச் சுவர், செந்நிறக் கூரை, கட்டடத்தைத் தழுவி ஓடும் நீண்ட விறாந்தை என அக்கால ஆடம்பரத்தின் இலக்கணம் முழுவதும் அங்கே அமைந்தது. உணவு மண்டபத்தை எண்கோணமாகச் சமைத்தனர். எந்த விருந்தினரும் மூலையிலே அமர்த்தப்பட்டதாக மனம் நோகக்கூடாது என்பதே அதற்குக் காரணம் எனச் சொல்வர். செல்வரின் மனம் நோகாதிருக்கச் சுவர்களே வளைந்து கொடுத்த காலம் அது.

அந்தச் சுவர்களை எழுப்பியவர் எவர்? இத்தாலியிலிருந்து வந்த ஏறத்தாழ 250 கொத்தர்களும் கைவினைஞர்களும். அவர்களை அவ்விடத்திலேயே தங்கவைத்து வேலை வாங்கினர். சுவரின் சாந்திலும் கூரையின் பூவேலையிலும் அவர்களுடைய கைத்திறன் இன்றும் இருக்கிறது. ஆனால், அக்கட்டடத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளிலே அவர்கள் ஒரு தொகையாக மட்டுமே வருகின்றனர். 250 என்னும் எண்ணிக்கைக்கு அப்பால் அவர்களுக்கு முகமில்லை.

1902ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் ஹோட்டல் திறக்கப்பட்டது. 350 பணியாட்கள் விருந்தினரை வரவேற்க நின்றனர். இவ்வளவையும் கட்டிய முட்டாள் நானே எனத் திறப்புவிழா அன்று ஸ்ரிக்னி தம்மைத் தாமே எள்ளிக் கிண்ணம் உயர்த்தினார் என்றொரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அன்றோ, அந்த நாள் வரலாற்றிலே வேறொரு காரணத்தாலும் குறிக்கத்தக்கது. அதே நாளில், ஸ்ரிக்னிக்குச் செல்வம் அளித்த அதே பென்சில்வேனியாவின் நிலக்கரி வயல்களிலே, 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தனர். மே மாதத்திலே தொடங்கிய அப்போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. கூலி உயர்வும் குறைந்த வேலைநேரமும் தொழிற்சங்க அங்கீகாரமுமே அவர்களின் கோரிக்கைகள். கரியினின்றும் கல்லைப் பொறுக்கியெடுக்கும் வேலையிலே சிறுவர்கள் ஈடுபடுத்தப்பட்ட காலம் அது. முடிவிலே தொழிலாளருக்குக் கிடைத்தவை நூற்றுக்குப் பத்து வீதக் கூலி உயர்வும், பத்து மணி நேரத்துக்குப் பதிலாக ஒன்பது மணி நேர வேலைநாளும். தொழிற்சங்கம் அங்கீகரிக்கப்படவில்லை.

மலையடிவாரத்திலே இசைக்கருவிகள் முழங்கிய அந்த இரவிலே, சுரங்க வாயில்களிலே அடுப்பெரியாத இரவு நிலவிற்று. இந்த இரண்டு இரவுகளும் ஒரே இரவின் இரண்டு பக்கங்கள் என்பதை ஹோட்டலின் வரலாற்று ஏடுகள் கூறுவதில்லை.

தாம் கட்டிய மாளிகையை ஸ்ரிக்னி நெடுங்காலம் அனுபவிக்கவில்லை. 1903ஆம் ஆண்டு இறுதியில் அவர் காலமானார். சொத்து அவருடைய மனைவி கரோலின் அம்மையாருக்கு வந்தது. அம்மையார் கணவரின் நினைவாக அங்கே ஒரு தேவாலயத்தை எழுப்பினார். 1913இல் பிரான்சு நாட்டின் உயர்குடி இளவரசர் ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். அன்றுமுதல் அவர் 'இளவரசி' ஆனார். ஐரோப்பாவின் பழைய பட்டத்தையும் அமெரிக்காவின் புதிய பணத்தையும் இணைத்த திருமணங்கள் அக்காலத்திலே பல. அவற்றுள் இதுவும் ஒன்று. கோடைதோறும் இளவரசி தம் மலைமாளிகைக்கு வருவார். உணவு மண்டபத்துக்கு மேலேயுள்ள மாடத்திலே திரைமறைவில் நின்று, கீழே வரும் சீமாட்டிகளின் ஆடை அணிகளை நோக்கி, அவர்கள் எல்லோரையும் விஞ்சும் உடையைத் தெரிந்து உடுத்தபின்னரே இறங்கிவருவார் என்பது பணியாட்கள் வழிவந்த கதை. 1936இல் அவர் காலமானார்.

அம்மையார் மாண்டபின்னும் மாளிகையை விட்டு நீங்கவில்லை என்பதே ஹோட்டலின் புகழ்பெற்ற பேய்க் கதை. மூன்றாம் மாடியிலே 314ஆம் எண் அறையில் அவருடைய நான்குகாற் பந்தற் கட்டில் இன்றும் இருக்கிறது. நள்ளிரவிலே கண்விழித்த விருந்தினர், கட்டிலின் ஓரத்தில் ஒரு பெண் அமர்ந்து கூந்தலை வாரிக்கொண்டிருக்கக் கண்டனராம். ஆளில்லாத தாழ்வாரத்திலே பழங்கால ஆடை அணிந்த சீமாட்டி ஒருத்தி உணவு மண்டபத்தை நோக்கி நடந்து செல்கிறாளாம். கதவு மெல்லத் தட்டப்படுமாம்; திறந்தால் எவருமில்லையாம். விளக்குகள் தாமே எரியும், தாமே அணையும். சிறு பொருள்கள் காணாமற்போய், வைத்த இடத்திலேயே மீண்டும் தோன்றும். இவ்வளவும் கேட்போர் அஞ்சி ஓடுவதில்லை. அந்த அறைக்காகவே வருகின்றனர். பேய் அங்கே விலைக்கு விற்கப்படும் பண்டமாகிவிட்டது.

இனி, நாம் தொடக்கத்திலே கண்ட நியதியைப் பொருத்திப் பார்ப்போம். இளவரசிக்கு எஞ்சிய கணக்கு யாது? அவரிடமிருந்து எவரும் எதனையும் பறிக்கவில்லை. அவர் மீண்டுவருவது நீதி கேட்டன்று. தம் கட்டிலிலே அமரவும் தம் கூந்தலை வாரவுமே. இஃது உடைமையின் கதை. உடைமையாளர் மாண்டாலும் உடைமை மாளாது என்னும் ஆறுதலை அது உடைமையாளருக்கு அளிக்கிறது. நீலி ஊரையே நடுங்கவைத்தாள். இளவரசி அறை வாடகையை உயர்த்துகிறாள். இதுவே இரண்டு பேய்களுக்குமிடையே உள்ள வேறுபாடு. ஓர் இடத்திலே விரும்பிச் சொல்லப்படும் பேய்க் கதை, அங்கே சொல்லப்படாத பேய்க் கதைகளை மறைக்கும் திரையாகவும் அமைதல் கூடும்.

அவ்வாறு மறைந்துகிடக்கும் கதையைத் தேடுவோர் 1944ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1942இல் ஹோட்டல் மூடப்பட்டது. இரண்டாண்டுகள் பூட்டிக்கிடந்தபின், 1944 யூலை 1ஆம் நாள் தொடங்கி 22ஆம் நாள்வரை, 44 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 730 பேர் கூடிய மகாநாட்டுக்காக அது திறக்கப்பட்டது. யூலை மாதத்து வாஷிங்டன் நகரின் வெப்பம் பிரித்தானியப் பிரதிநிதி கெயின்சின் நோயுற்ற இதயத்துக்கு ஆகாது என்பதும் குளிர்ந்த மலையைத் தெரிந்ததற்கு ஒரு காரணம். அமெரிக்க அரசாங்கம் அவசரமாக வேலையாட்களை அனுப்பிக் கட்டடத்தைப் புதுக்கிற்று. அவர்களிடம் வெள்ளை வர்ணத்தைப் பேணி பேணியாகக் கொடுத்துவிட, அவர்கள் கண்ணிற் கண்ட மரக் கதவு, பித்தளை விளக்கு யாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டனர் எனச் சொல்வர். வெள்ளையடித்தல் என்னும் சொல்லுக்கு அந்த மகாநாட்டிலே வேறு பொருளும் இருந்தது என்பதை மேலே காண்போம்.

மகாநாட்டுக்குக் கூடியோர் யாவரும் தீய எண்ணத்துடன் கூடினர் எனல் வரலாற்றுக்கு மாறானது. 1930ஆம் ஆண்டுகளின் பெருமந்தமும், நாடுகள் போட்டிக்கு நாணய மதிப்பைக் குறைத்தமையும், வேலையற்றோர் பெருக்கமும் பாசிசத்துக்கும் போருக்கும் வழிவகுத்தமையை அவர்கள் கண்டிருந்தனர். அதனை மீண்டும் நிகழவிடக்கூடாது என எண்ணினர். எனினும் எவரின் செலவில் என்பதே கேள்வி. கெயின்ஸ் ஒரு திட்டம் வகுத்திருந்தார். அனைத்துலகத் தீர்வகம் ஒன்று, பாங்கோர் என்னும் கணக்கு நாணயம் ஒன்று, இவற்றோடு மிக முக்கியமான ஒரு விதி: கடன்பட்ட நாடு மட்டுமன்றி, மிகையாகச் சேர்த்துக்கொண்ட கடன்கொடுத்த நாடும் நிலைமையைச் சீர்செய்யும் பாரத்தைச் சுமக்கவேண்டும். அமெரிக்கத் திறைசேரியின் ஹரி டெக்ஸ்டர் வைட் வகுத்த திட்டமோ வேறு. உலகத்தின் பொன்னிலே பெரும்பங்கைத் தன்னிடம் வைத்திருந்த அமெரிக்கா, பாரத்தைச் சுமக்க உடன்படுமா? வைட்டின் திட்டமே வென்றது. கடன்கொடுத்தவருக்கும் பொறுப்புண்டு எனக் காட்டும் விதியொன்று உடன்படிக்கையிலே பெயரளவில் இடம்பெற்றது. அது ஒருநாளும் கையாளப்படவில்லை. அமெரிக்க டொலர், அவுன்சு ஒன்றுக்கு 35 டொலர் என்ற வீதத்திற் பொன்னோடு பிணைக்கப்பட்டது. பிற நாணயங்கள் டொலரோடு பிணைக்கப்பட்டன. சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் பிறந்தன. நிதியத்தின் பங்குத் தொகை 880 கோடி டொலர். அதில் அமெரிக்காவின் பங்கு 275 கோடி. பங்குக்கேற்ப வாக்கு என்பது விதி. நாடுகளின் சபையாகக் கூடியது, பங்குதாரர் சபையாகக் கலைந்தது.

இந்தச் சபையின் முன்னே ஒரு வழக்கு வந்தது. ஹோட்டலின் கதைகளிலே இடம்பெறாத வழக்கு அது.

போருக்கு முன் இந்தியா பிரித்தானியாவுக்குக் கடன்பட்ட நாடு. போர்க் காலத்திலே நிலைமை தலைகீழாயிற்று. படைகளுக்கு வேண்டிய துணி, தானியம், தளவாடம் யாவற்றையும் பிரித்தானியா இந்தியாவிலே கொள்முதல் செய்தது. விலையைப் பொருளாகவோ பொன்னாகவோ கொடுக்கவில்லை. இலண்டனிலே இந்தியாவின் பெயரில் கணக்கு எழுதிவைத்தது. அந்தக் கணக்கை ஈடாகக் காட்டி இந்தியாவிலே ரூபா நோட்டுகள் அச்சிடப்பட்டன. சந்தையிலே பொருள் குறைந்தது, பணம் பெருகிற்று, விலை பல மடங்காக ஏறிற்று. படைகளுக்கும் ஆலைகளுக்கும் உரியோர் உயர்ந்த விலையைக் கொடுத்து உண்டனர். நிலமற்ற கூலியாளும் மீனவரும் சிறு கைவினைஞரும் அரிசியை வாங்கும் ஆற்றலை இழந்தனர். 1943இல் வங்காளம் பட்டினியால் மடிந்தது. அரசாங்க விசாரணைக் குழு 15 இலட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் 30 இலட்சம்வரை கூறுவர். அரிசி முற்றாக இல்லாமையாலன்றி, அதனைப் பெறும் உரிமையை ஏழைகள் இழந்தமையாலேயே அவர்கள் மாண்டனர் என்பதை 1981இல் அமர்த்திய சென் தம் நூலிலே நிறுவினார்.

ஆகவே, இலண்டனில் எழுதப்பட்ட அந்தக் கணக்கு வெறும் எண்ணன்று. போர் முடிந்தபோது அது ஏறத்தாழ 130 கோடி பவுணாக வளர்ந்திருந்தது. அந்தத் தொகையின் பின்னே கல்கத்தாவின் தெருவோரங்களிலே கஞ்சி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன குரல்கள் இருந்தன. உலகத்தின் மிக வறிய மக்களுட் சிலர், உலகத்தின் மிகப் பெரிய பேரரசுக்குக் கடன்கொடுத்தவராகி, கொடுத்தபடியே மாண்டனர்.

இவ்வழக்கை எடுத்துரைக்க இந்தியாவிலிருந்து சென்ற குழுவுக்குத் தலைவர் ஓர் ஆங்கிலேயர். இந்திய அரசாங்கத்தின் நிதி உறுப்பினராக இருந்த ஜெரமி ரெயிஸ்மன். அடிமை நாட்டின் வழக்குக்கு ஆண்டவரே வழக்கறிஞர். ஆயினும் குழுவிலே சிந்தாமன் தேஷ்முக், ஏ. டி. ஷ்ரொஃப், கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகிய இந்தியரும் இருந்தனர். சண்முகம் செட்டியாரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தல் வேண்டா. தமிழிசை இயக்கத்துக்குத் துணைநின்றவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை வரைந்தவர். 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர். அவர் மக்கட் போராளியல்லர். செல்வக் குடியிலே பிறந்து அரசாங்கப் பதவிகளிலே வளர்ந்தவர். எனினும் கண்ணகியின் காப்பியத்தைக் கற்ற ஒருவர், அந்நிய மலைமாளிகையிலே, பறிபோன உடைமைக்குக் கணக்குக் கேட்க நேர்ந்தமை வரலாற்றின் விந்தை எனலாம்.

இந்தியப் பிரதிநிதிகள் கேட்டது பெரிதன்று. இலண்டனில் முடங்கிக்கிடக்கும் தொகையிலே ஒரு பகுதியையேனும், வேண்டிய நாட்டிலே பொருள் வாங்கத்தக்க நாணயமாக மாற்றிக்கொள்ளப் புதிய நிதியம் உதவவேண்டும் என்றனர். வங்கியிலே பத்து இலட்சம் டொலர் இருந்தும் வாடகைக் காருக்குக் கொடுக்கச் சில்லறையில்லாத மனிதனின் நிலையிலே எங்களை வைக்கிறீர்கள் என்னும் கருத்துப்பட ஷ்ரொஃப் வாதாடினார். எகிப்தும் துணைநின்றது, அதற்கும் இலண்டனிடம் வரவேண்டிய கணக்கு இருந்தது. அமெரிக்கா மறுத்தது, பிரித்தானியா மறுத்தது. நிதியம் போர்க்காலக் கடனைத் தீர்க்கும் இடமன்று என்றனர். கெயின்ஸ் நயமான சொற்களால் இந்தியாவுக்கு நன்றி கூறி, இது சம்பந்தப்பட்ட நாடுகள் தமக்குள்ளே தீர்த்துக்கொள்ளவேண்டிய விடயம் என முடித்தார்.

ஈண்டு நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். அந்த மண்டபத்திலே பெருங் கடனாளி பிரித்தானியா. கடன்கொடுத்தவர்களுள் ஒருவர் வங்காளத்து விவசாயி. ஆயின், தவணையைக் குறித்தவர் கடனாளி. காத்திருக்கப் பணிக்கப்பட்டவர் கடன்கொடுத்தவர். செலவைக் குறை, கூலியைக் கட்டுப்படுத்து, உன் மக்களின் உணவிலே கைவை என அந்தக் கடனாளியிடம் இந்தியா கேட்கவில்லை, கேட்க இயலவுமில்லை. கணக்கு சிறிது சிறிதாகப் பின்னைய ஆண்டுகளிலேயே விடுவிக்கப்பட்டது. 1949 செப்டெம்பரில் பவுணின் மதிப்பு 4.03 டொலரிலிருந்து 2.80 டொலருக்குக் குறைக்கப்பட்டபோது, எஞ்சியிருந்த தொகையின் டொலர்ப் பெறுமதியிலே நூற்றுக்கு முப்பது வீதம் ஓர் இரவிலே மறைந்தது. இளவரசியின் அறையிலே காணாமற்போகும் பொருள்கள் வைத்த இடத்திலேயே மீண்டும் தோன்றுமாம். இது தோன்றவில்லை.

இலங்கைக்கு அந்த மண்டபத்திலே ஆசனமே இல்லை. 1944 ஏப்ரிலில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்திருந்தது. மலாயா 1942இல் வீழ்ந்தபின் நேச நாடுகளின் இறப்பர்த் தேவைக்கு இலங்கையே பெரிதும் துணைநின்றது. மரம் பட்டுப்போகும் என்று தெரிந்தே தோட்டங்களிலே மிகையாகப் பால் வெட்டப்பட்டது. அந்தப் பாலை எடுத்த கைகளுள் மிகப் பல, தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் கைகள். அவ்வுழைப்பின் பயனும் இலண்டனிலே கணக்காகக் குவிந்தது. குடியேற்ற நாடாகையால் இலங்கையின் பெயரை எவரும் அழைக்கவில்லை. 1948இல், அந்தக் கணக்கை ஈட்டித்தந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். தீராத கணக்கை உடையோரே ஆவியாவர் என்பது உண்மையாயின், அந்த மலைமாளிகையின் தாழ்வாரங்கள் எத்துணை நெருக்கடியாக இருக்கவேண்டும்!

1950 ஓகஸ்டில் இலங்கை நிதியத்தின் உறுப்பு நாடாயிற்று. 1965 முதல் மீண்டும் மீண்டும் அதன் வாயிலுக்குச் சென்றது. 1971 ஓகஸ்ட் 15ஆம் நாள் அமெரிக்கா தன் டொலருக்கும் பொன்னுக்குமிருந்த பிணைப்பைத் தானே அறுத்தது. பிரெட்டன் வூட்ஸ் முறையின் தூண் அவ்வாறு சாய்ந்தபோதும், கடன்பட்ட ஏழை நாடே பாரம் முழுவதையும் சுமக்கவேண்டும் என்னும் நியதி சாயவில்லை. 2022 ஏப்ரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. 2023 மார்ச்சில் நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு இசைந்தது. அது பதினேழாவது முறை. வரி உயர்ந்தது, மின் கட்டணம் உயர்ந்தது. அந்நிலைக்கு நம் ஆட்சியாளரின் ஊதாரித்தனமும் ஊழலும் பெருங்காரணம் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால், கடனாளி பிரித்தானியாவாக இருந்தபோது பொறுமையைப் போதித்த நியதி, கடனாளி இலங்கையாக இருந்தபோது சிக்கனத்தைப் போதித்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

ஹோட்டலின் பிற்கால வரலாறும் ஒரு கதை சொல்கிறது. உலக நாணயத்தின் பிறப்பிடமாகிய அம்மாளிகை கைமாறிக் கைமாறி, 1991இல் ஏலத்துக்கு வந்தது. வங்கி வைப்புகளைக் காப்புறுதி செய்யும் அமெரிக்க அரசாங்க நிறுவனமே அதனை ஏலமிட்டது. உள்ளூர் வணிகர் சிலர் அதனை வாங்கி மீட்டனர். மலைமாளிகையும் கடனுக்குத் தப்பவில்லை. ஆனால் அதனை மீட்க எவரும் எந்த மக்களின் உணவையும் குறைக்கவில்லை. மகாநாட்டின் உடன்படிக்கை ஒப்பமிடப்பட்ட பொன்னறையும் அதன் மேசையும் இன்றும் பேணப்படுகின்றன. பயணிகள் பகலிலே மேசையைக் காண்கின்றனர். இரவிலே இளவரசியின் கதையைக் கேட்கின்றனர். இரண்டும் வெவ்வேறு கதைகள் என எண்ணித் திரும்புகின்றனர்.

அவை வெவ்வேறு கதைகள் அல்ல. மூன்றாம் மாடியிலுள்ள கட்டிலின் கதை, பொன்னறையிலுள்ள மேசையின் கதையை மறக்கச் செய்கிறது. பேய்க் கதைகளை நாம் கைவிடவேண்டியதில்லை. எவருடைய பேய்க் கதையைச் சொல்கிறோம் என்பதையே ஆராயவேண்டும். கரிச்சுரங்கத்துச் சிறுவன், பெயரற்ற இத்தாலியக் கொத்தன், வங்காளத்துத் தெருவிலே மாண்ட தாய், பால் வடிந்த கையோடு நாடற்றவனான தோட்டத் தொழிலாளி ஆகிய இவர்களில் எவரும் கூந்தல் வாரவோ கட்டிலிலே அமரவோ வரப்போவதில்லை. நீலியைப்போலச் சபையின் முன்னே வந்து வழக்குரைக்கவே வருவர். அவர்களுடைய வழக்கை எழுதுவது ஆவியின் வேலையன்று. வாழ்கின்ற நம்முடைய வேலை.